முதல் வரிசையில் ஏழாவது குடை

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, காலை பத்து மணி. கூடத்தில் இருந்த வீட்டுத் தொலைபேசி அடித்தபோது இலாரியா வெந்த கீரையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்தத் தொலைபேசி இப்போதெல்லாம் அடிப்பதே இல்லை. நவம்பரில் அம்மா ரெனாத்தா இறந்த வாரம் ஓயாமல் அடித்தது. அதற்குப் பிறகு, மின்சாரக் கம்பெனியை மாற்றிக்கொள்ளச் சொல்லும் பெண்கள் மட்டும்தான் கூப்பிட்டார்கள். இணைப்பை வெட்டிவிடலாம் என்று இலாரியா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அப்பா எத்தோரே வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ."

"ரெனாத்தாக்கா, மொதல்ல உக்காந்துக்குங்க. உக்காந்தாதான் சொல்லுவேன்."

இலாரியா நின்றபடியே இருந்தாள்.

"நான் இலாரியா பேசறேன்."

"அட, நீயா. அச்சு அசல் அம்மா குரல் உனக்கு. நான் ஈவோ பேசறேம்மா, வரட்ஸேலேர்ந்து. அம்மா எங்க?"

வரட்ஸே. முப்பத்தொரு ஆகஸ்டுகள் அவர்கள் போன கடற்கரை. அங்கே மணலில் நீலக் குடைகளை நட்டு வாடகைக்கு விடுகிறவர் ஈவோ.

அவள் பதில் தேடுவதற்குள் ஈவோவே தொடர்ந்தார். "முடி சுருட்டிக்கப் போயிருக்காங்களா? போன மாசம் எத்தோரே அண்ணன்கிட்ட பேசினப்பவும் அங்கதான் போயிருக்கான்னார். இப்படிச் சுருட்டிக்கிட்டே இருந்தா தலையில முடி மிஞ்சுமா?"

இலாரியா தொலைபேசி வயரை விரலில் சுற்றினாள். அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் என்றால், அடக்கம் செய்து நான்கு மாதத்துக்குப் பிறகு.

"சரி, நீயே சொல்லிடு. முதல் வரிசை. ஏழாவது குடை. அந்த நோட்டரி குடும்பம் இனிமே வரலன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இப்ப கையில பிரஷ்ஷோட நிக்கறேன். குடையோட பேர்ப்பலகையில ரெனாத்தான்னு எழுதிடலாமா?"

"இப்ப எங்க முறையா?"

ஈவோ குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ள இருக்கட்டும். வரிசைப்படி பாத்தா உங்க பக்கத்துக் குடை ஓர்னெல்லாக்கா முறைதான். ஆனா அண்ணன் டிசம்பர்ல கூப்பிட்டாரு. 'ஈவோ, இந்த வருஷம் ரெனாத்தா முதல் வரிசையில உக்காரணும், எப்படியாவது பண்ணு'ன்னாரு. முப்பத்தோரு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட கூடுதலா கேட்டது ஒரு துண்டு ஐஸ்தான். எப்படி இல்லைங்கறது, சொல்லு."

டிசம்பர். இலாரியா அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்குள்ள அண்ணன் ஒரு வார்த்தை உறுதி பண்ணிட்டாப் போதும். மணல்ல போடற சாய்வுப் படுக்கை மூணா நாலான்னும் சொல்லச் சொல்லு. அம்மாவோடதை நடுவுல போட்டுடறேன்."

அவள் சரி என்றாள்.

*

வரட்ஸேயில் யாரும் போன உடனே கடலைப் பார்க்க உட்கார்ந்துவிட முடியாது. பின்வரிசையில் தொடங்க வேண்டும். முன்னால் இருக்கும் குடும்பம் வராமல் போனாலோ, பிரிந்துபோனாலோ, அதில் யாராவது செத்துப்போனாலோ ஒரு இடம் காலியாகும். பின்னால் இருப்பவர்கள் ஒரு வரிசை முன்னே நகர்வார்கள்.

ரெனாத்தா ஐந்தாவது வரிசையில் தொடங்கினாள். அப்போது இலாரியாவின் அண்ணன் மௌரோவுக்குப் பதினொரு வயது, அவளுக்கு ஐந்து. இரண்டாவது வரிசைக்கு வரப் பன்னிரண்டு வருடம் ஆனது. அதோடு நின்றுபோனது. முன்னால் இருக்கும் இரண்டு குடைகளுக்கு நடுவே ஒரு பட்டைக் கடல் தெரியும். நோட்டரி வந்தபிறகு அதிலும் பாதியை அவர் முதுகு மறைத்தது.

"அந்த முதுகுல எத்தனை மச்சம்னு அவர் பொண்டாட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்பாள் ரெனாத்தா. "பதினேழு. போன வருஷம் ஒண்ணு கூடிடுச்சு. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லணும்."

இதைக் கேட்டுச் சிரிக்கப் பக்கத்துக் குடையில் ஓர்னெல்லா இருப்பாள். மிலானில் தையல் ஆசிரியை. ஓர்னெல்லாவும் ரெனாத்தாவும் ஆகஸ்ட் முதல் தேதி விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குவார்கள். முப்பத்தொன்றாம் தேதி குடை மடங்கும்போது நிறுத்துவார்கள். மற்ற பதினொரு மாதமும் ஒருவரையொருவர் தேடுவதில்லை. ரெனாத்தா இருந்த தூரினிலிருந்து மிலான் ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்துக்கொண்டதில்லை. கடற்கரை சிநேகிதம் அப்படித்தான்.

அதனால் அங்கே இருக்கும் யாருக்கும் ரெனாத்தா இறந்தது தெரியாது.

போன வாரம் மௌரோ இதே சமையல் மேஜையில் சார்தீனியாத் தீவின் படங்களைப் பரப்பியபோது இலாரியா தலையாட்டினாள். அம்மா கால் வைக்காத ஒரு கடலுக்குப் போவோம் என்றான் அவன். அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பா சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கப்பல்ல குமட்டுமே" என்று மட்டும் சொன்னார்.

*

பத்தரைக்கு மௌரோ வந்தான். கையில் புறா வடிவ ஈஸ்டர் கேக், கக்கத்தில் ஒரு உறை.

"அப்பா எங்க?"

"ரொட்டிக் கடைக்குப் போயிருக்கார். இன்னிக்குக் கூட்டமா இருக்கும்."

"கப்பல் டிக்கெட்டை அச்சடிச்சே கொண்டாந்துட்டேன். போன்ல காட்டினா, போன் அணைஞ்சா டிக்கெட்டும் போயிடும்பார்." கேக்கை மேஜையில் வைத்தான். "என்ன மூஞ்சி இது? கீரையில மண்ணா?"

"அண்ணா, ஈவோ கூப்பிட்டார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மௌரோ கேக் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். ரிப்பன் அவிழ்ந்துபோன பிறகும் அவன் விரல்கள் நிற்கவில்லை.

"அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, இலா. எனக்கு சைக்கிள் வாங்கி ஒளிச்சு வெச்சுட்டு, நான் கேக்காமலேயே எங்க ஒளிச்சிருக்கேன்னு சொன்ன ஆளு அவர்."

"டிசம்பர்லேர்ந்து சொல்லிட்டிருக்கார்."

"அப்ப ரொம்ப சுலபம். ஈவோவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடு. குடையும் போச்சு, வரிசையும் போச்சு, நாம கப்பல் ஏறிடலாம்."

"நீ சொல்லேன்."

மௌரோ தொலைபேசியைப் பார்த்தான். பிறகு கேக்கைப் பார்த்தான்.

"நான் எப்படிச் சொல்றது."

அம்மா இறந்துவிட்டாள் என்ற வாக்கியத்தை அவர்கள் மூவரில் யாரும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நவம்பரில் அத்தைதான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். கட்டட வாசலில் ஒட்டிய கறுப்புக்கரை அறிவிப்பு அக்கம்பக்கத்துக்குச் சொன்னது. வரட்ஸே வரைக்கும் அந்த அறிவிப்பு போகவில்லை.

"ஆனா எனக்குக் கோவம் வருது" என்றான் மௌரோ. "எனக்கு மட்டும் தினமும் காலையில அம்மா செத்துப்போறாங்க. அவர் போய் அம்மாவுக்கு இடம் பிடிச்சிட்டிருக்கார்."

இலாரியா அடுப்பு மேடைக்குத் திரும்பினாள். கீரையில் தயிர்க்கட்டியைக் கலந்தாள். உப்புப் போட்டோமா என்று நினைவில்லை. இன்னொரு முறை போட்டாள்.

*

எத்தோரே பதினொன்றே காலுக்கு வந்தார். முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். இப்போதும் கதவைத் திறக்குமுன் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார். ரொட்டிப் பையை மேஜையில் வைத்தார். பிள்ளைகள் இருவரையும் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார்.

"ஈவோ கூப்பிட்டானா?"

"கூப்பிட்டார்" என்றான் மௌரோ. "அம்மா முடி சுருட்டிட்டு வந்தாச்சாப்பா?"

சொன்ன உடனே மௌரோவின் முகம் சிவந்தது. எத்தோரே கோபப்படவில்லை. மேல்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். கதவோரத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடற்கரையில் உடை மாற்றும் அறையின் சாவி அது. தண்ணீரில் விழுந்தால் மிதப்பதற்காக அதில் ஒரு தக்கையைக் கோத்திருந்தாள் ரெனாத்தா.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க. பேசினா நிறுத்திடுவேன்."

மௌரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ஆகஸ்ட் கடைசியில, காபி கவுன்டர் பக்கத்துல ஈவோ என்னைத் தனியாக் கூப்பிட்டான். 'அண்ணே, முதல் வரிசையில ஏழு காலியாகுது. அடுத்த வருஷம் உங்களுக்கு'ன்னான். நான் வேண்டாம்னுட்டேன்."

இலாரியா அடுப்பைத் தணித்தாள்.

"பியெரோ இருந்தானே. ஓர்னெல்லா வீட்டுக்காரன். நாலு மணிக்கு நானும் அவனும் சீட்டாடுவோம். முதல் வரிசையில மேஜை போடக் கூடாது, கரையில நடக்கறவங்களுக்கு இடைஞ்சல். அதான் வேண்டாம்னேன். வேற ஒண்ணுமில்ல. ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் இன்னொண்ணு காலியாகும்னு நெனச்சேன்."

தக்கையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் காலியாகல. வேண்டாம்னதால நம்ம முறையும் பின்னாடி போயிடுச்சு. உங்கம்மா ஒவ்வொரு வருஷமும் ஊர் திரும்பற ரயில்ல கேப்பா. 'ஈவோ ஏதாவது சொன்னானா?' நான், இன்னும் நம்ம முறை வரலைம்பேன். அந்த ஏழாவது குடைக்குத்தான் நமக்கு அடுத்த முறையில இருந்த நோட்டரி வந்தான். அந்த முதுகை அவ முன்னாடி கொண்டு போய் வெச்சது நான்தான்."

மௌரோ எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

"ஆஸ்பத்திரியில ஒரு நாள் கேட்டா. அக்டோபர்ல. 'அடுத்த வருஷம் முதல் வரிசை கெடைக்குமா, எத்தோரே?' கெடைக்கும்னேன். நான் சொல்லிட்டேன், இலா. வாக்குக் கொடுத்துட்டேன்."

"அதனாலதான் டிசம்பர்ல கூப்பிட்டீங்களா?"

"அவ இல்லன்னு சொன்னா ஈவோ முறையைத் தாண்டி எனக்கு ஏன் கொடுக்கப்போறான்? ரெனாத்தாவுக்குன்னாத்தான் கொடுப்பான்." அவர் குரல் மிக மெதுவாக இருந்தது. "ஒரே ஒரு ஆகஸ்ட். பலகையில அவ பேர் இருக்கட்டும். அவ படுக்கையைக் கடலைப் பாத்துப் போடட்டும். யாராவது கேட்டா குளிக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம், கடைக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம். இங்க மாடிப்படியில பாக்கறவங்க எல்லாம் என்னைப் பாத்துத் தலையைச் சாய்க்கறாங்க. அங்க அப்படி யாரும் பண்ண மாட்டாங்க. அங்க அவ இன்னும்…"

தக்கையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

இலாரியா அவர் எதிரில் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் குறைவாகப் பேசுகிறவள். வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் அப்படித்தான். முடிவைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பாள், நோயாளியிடம் டாக்டர் சொல்வார். இங்கே சொல்ல வேறு யாரும் இல்லை.

"அப்பா, அது ஓர்னெல்லா சித்தியோட முறை."

"தெரியும்."

"பியெரோ இறந்துபோன வருஷம் ஞாபகம் இருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஆகஸ்ட் முதல் தேதி. பக்கத்துக் குடையின் கீழே ஒரே ஒரு படுக்கைதான் போட்டிருந்தது. ரெனாத்தா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்கடீ தொலைச்சே உன் வீட்டுக்காரரை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பிப்ரவரியில் போய்விட்டார் என்றாள் ஓர்னெல்லா. அன்று ரெனாத்தா கடலில் இறங்கவே இல்லை.

"அன்னிக்கு சாயங்காலம் அம்மா என்ன சொன்னாங்கப்பா?"

ஜன்னலருகில் நின்ற மௌரோதான் சொன்னான்.

"'ஆறு மாசம். நான் இங்க வந்து காலி மணலைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?' அப்படின்னாங்க. எனக்கும் ஞாபகம் இருக்கு."

"அடுத்த நாள் நம்ம வீட்டு நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க" என்றாள் இலாரியா. "சித்தி அதைப் பர்ஸுல வெச்சுக்கிட்டு, 'குளிர்காலத்துல பேசினா அது வேற சிநேகிதம்டீ'ன்னாங்க."

சமையலறைக் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. இயேசு இறந்த துக்க நாட்கள் என்பதால் வியாழக்கிழமையிலிருந்து தேவாலய மணிகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். இன்று இரவுதான் அவிழ்ப்பார்கள். பன்னிரண்டு அடித்தாலும் கேட்காது.

எத்தோரே எழுந்தார். கூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். ஈவோவின் எண்ணை எங்கேயும் பார்க்காமல் சுழற்றினார்.

"ஈவோ, எத்தோரே பேசறேன். ஆமா, சொன்னா. இல்ல, கேளு. அந்த இடத்தை ஓர்னெல்லாவுக்குக் கொடுத்துடு. முறை அவங்களோடது. நாங்க பழைய இடத்துலயே இருந்துக்கறோம்."

மறுமுனையில் ஈவோ ஏதோ நிறையப் பேசினார். எத்தோரே சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ரெனாத்தா…" என்றார். அங்கேயே நின்றார். இலாரியாவும் மௌரோவும் சமையலறை வாசற்படியில் காத்திருந்தார்கள். "ரெனாத்தாவே வேண்டாங்கறா, ஈவோ. சிநேகிதிக்குக் கொடுத்துடுங்கறா."

ரிசீவரை வைத்தார். ஓர்னெல்லாவின் முறையை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றதைச் சொல்ல முடியவில்லை.

மௌரோ திட்டுவான் என்று இலாரியா எதிர்பார்த்தாள். அவன் கப்பல் டிக்கெட் உறையை எடுத்து மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான்.

"அப்ப சார்தீனியா?"

"கப்பல்ல குமட்டும்" என்றார் எத்தோரே.

மௌரோவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியை வெட்டக் கத்தி தேடினான்.

*

பன்னிரண்டு பத்துக்குத் தொலைபேசி மறுபடி அடித்தது. பலகையில் எப்படி எழுதுவது என்று கேட்க ஈவோதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து இலாரியா எடுத்தாள்.

"ஹலோ."

"அடியே, உனக்குப் பைத்தியமா?"

ஒரு பெண் குரல், சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. இந்தக் குரலை இலாரியா எப்போதும் அலைச் சத்தத்துக்கு நடுவேதான் கேட்டிருக்கிறாள். ஒரு அறைக்குள்ளிருந்து அது பேசிக் கேட்டதே இல்லை.

"ஓர்னெல்லாதான்டீ. நீ குடுத்த சீட்டை ரெண்டு வருஷமா பர்ஸுலயே வெச்சிருந்தேன். இப்பவே பேசித் தீத்துட்டா ஆகஸ்ட்டுக்கு என்ன மிஞ்சும்னுதான் கூப்பிடல. ஈவோ இப்பத்தான் சொன்னான். உனக்குன்னு ஒதுக்கி வெச்சதை எனக்கு விட்டுக் கொடுத்தியாமே. முப்பத்தோரு வருஷமா அந்தக் கடலுக்காக ஏங்கிட்டு, எப்படிடீ மனசு வந்துச்சு? பியெரோ போனதுக்கப்புறம் எனக்குன்னு யாரும் எதையும் விட்டுக் கொடுத்ததில்ல. கேக்குதா? உன் படுக்கையையும் என் குடைக்கே கொண்டாந்துடு. ரெண்டு பேரும் முன்னாடி உக்காருவோம். அந்த ஆம்பளைங்க பின்னாடி இருக்கட்டும். ரெனாத்தா? ஏன்டீ பேச மாட்டேங்கற?"

இலாரியா வாயைத் திறந்தாள். எந்த வார்த்தை சொன்னாலும் அது அம்மாவின் குரலில்தான் போய்ச் சேரும். வாயை மூடிக்கொண்டாள்.

எத்தோரே சமையலறையிலிருந்து வந்தார். ரிசீவரிலிருந்து கசியும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். அது யார் என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகள் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கினார். அவருடைய இன்னொரு கையில் அந்தச் சாவி இன்னும் இருந்தது.

"ஓர்னெல்லா, நான் எத்தோரே பேசறேன்."

மறுமுனை சந்தோஷமாக ஏதோ கேட்டது.

"இல்ல. அவகிட்ட கொடுக்க முடியாது." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "நீங்க நின்னுக்கிட்டா பேசறீங்க?"

சமையலறை வாசலில் மௌரோ கத்தியைக் கீழே வைத்தான். அப்பா, அம்மா இறந்ததை மட்டும் சொல்லப்போகிறாரா, பதினொரு வருடத்துக் கதையையும் சேர்த்தா என்று இலாரியாவுக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"மொதல்ல உக்காருங்க, ஓர்னெல்லா" என்றார் எத்தோரே. "நான் இருக்கேன். உக்காந்துட்டு சொல்லுங்க."

மிலானில் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது.